மூன்று கண்ணாடியும் ஒரு விசாவும்

வயது நாற்பத்தொன்று. தொழில், கண்ணாடி அறுத்துப் பொருத்துவது. மணமாகி நான்கு ஆண்டுகள். மனைவி வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். மணமான பின் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்கள் அறுபத்திரண்டு. இருபத்திரண்டாம் வயதில், அடுத்தவர் பொருளை உடைத்த குற்றத்துக்காக இவர் மூன்று மாதம் சிறையில் இருந்திருக்கிறார்.

பட்டப்பெயர் அரைநூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி தப்பினாலும் பொருத்திய கண்ணாடியைக் கழற்றிவிடுவார் என்பதால் பட்டறையில் வைத்த பெயர்.

சிறைக்கு அனுப்பியதும் இந்தக் குணம்தான். ஒரு துணிக்கடைக்கு வாசல் கண்ணாடி பொருத்தி முடித்தபோது, கடைக்காரர் பத்துப் பேர் முன்னிலையில் அது கோணல் என்றார். தரைதான் கோணல் என்று இவர் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். கடைக்காரர் ரசமட்டத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். இவர் சுத்தியலை எடுத்தார். கதவு ஒன்று, அதன் இருபுறமும் ஒவ்வொன்று, ஆக மூன்று கண்ணாடிகள் தரைக்கு வந்தன. புகாரை எழுதியவரோ வாசல் முழுவதும் ஒரே கண்ணாடி என்று நினைத்து, ஒன்று என எழுதிவிட்டார். வழக்கிலும் தீர்ப்பிலும் அந்த ஒன்றே நின்றது. இவர் அன்று வாய் திறக்கவில்லை.

மனைவியோடு போய் வாழ விசா விண்ணப்பம் வந்தது. பழைய குற்றம் ஏதும் உண்டா, உண்டெனில் விவரம் தருக என்றது பதினான்காம் கேள்வி. நிரப்ப உட்கார்ந்தவர் மனைவியின் அண்ணன், அச்சகம் வைத்திருப்பவர்.

"மாப்பிள்ளை, கோர்ட்டுக் காகிதத்துல ஒண்ணுன்னு இருக்கு. நாமளும் ஒண்ணுன்னே போட்டுடுவோம்."

"உடைச்சது மூணு, மச்சான்."

"பத்தொன்பது வருஷமாச்சு. அந்தக் கடையே இப்ப இல்ல. யாரு வந்து எண்ணப் போறா?"

"எண்ணினவன் நான் இருக்கேனே."

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "குற்றத்தை மறைக்கிறவனப் பாத்திருக்கேன். கேக்காததையும் சேத்துக் குடுக்கிறவர இப்பதான் பாக்குறேன். அங்க என் தங்கச்சி ஒத்தையா உக்காந்திருக்கா, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருந்தது. ஆயினும் மூன்று என்றே எழுதச் செய்தார். அதோடு விடாமல் கதவு பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம், மற்ற இரண்டும் பத்து மில்லிமீட்டர் என்பதையும் ஓரத்தில் தம் கையால் சேர்த்தார்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தீர்ப்பில் ஒன்று, உங்கள் வாக்குமூலத்தில் மூன்று. வேறு வழக்கு எதையாவது மறைக்கிறீர்களா? நேரில் வந்து விளக்குக. விளக்கம் போதாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

அன்று பட்டறையில் அவர் ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கால் அங்குலம் குறைத்து அறுத்தார். பார்த்தவர்கள் கேலி செய்யத் துணியாமல் நகர்ந்தார்கள்.

மனைவியிடம் போனில் சொன்னார்: "என்னாலதான் கெட்டுது. ஒண்ணுன்னு போட்டிருந்தா இந்நேரம் அங்க இருப்பேன்."

"ஏங்க, அளவு தப்பா அறுத்த கண்ணாடிய அப்படியே மாட்டிட்டு வந்திருப்பீங்களா?"

"எப்படி மாட்டுவேன்?"

"அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்தப் பச்சைச் சட்டை மட்டும் வேணாம். அதுல நீங்க போலீஸ் தேடுற ஆளு மாதிரியே இருக்கீங்க."

வெள்ளைச் சட்டையில் போனார். தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி அம்மையார் கோப்பைப் புரட்டினார்.

"எத்தனை உடைச்சீங்க?"

"மூணு, மேடம்."

"கோர்ட்ல ஒண்ணுன்னு இருக்கே."

"அவங்க பாத்து எழுதினாங்க, மேடம். மாட்டினவனும் நான், உடைச்சவனும் நான்."

அம்மையார் அவரை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு, முன்னறிவிப்பின்றி, வெளிநாட்டில் வேலையிலிருந்த மனைவியைப் போனில் அழைத்து, உங்கள் கணவர் என்ன உடைத்தார் என்று கேட்டார். மனைவி சொன்ன பதிலை இவர் அன்று மாலை அவள் வாயாலேயே கேட்டார்:

"மூணு. கதவு பன்னெண்டு மில்லி, மத்தது பத்து. நாங்க முதல்ல பேசின அன்னிக்கே சொல்லிட்டார். தரைதான் கோணல்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கார், மேடம்."

அரைமணி நேரத்தில் அம்மையார் இவரை மறுபடி அழைத்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

"அறுபத்திரண்டு நாள்தான் சேந்து இருந்திருக்கீங்க. இது நிஜமான கல்யாணம்தானான்னு எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. போட்டோ எல்லாரும்தான் கொண்டு வர்றாங்க. கோர்ட்டுக்கே தெரியாத கணக்கு உங்க மனைவிக்குத் தெரிஞ்சிருக்கு. போய்ட்டு வாங்க, கடிதம் வரும்."

எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடுப்புக் கண்ணாடி இடப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு."

"இதையாவது உடைக்காமப் போங்க," என்றார் அம்மையார்.

விசா வந்தது. வழியனுப்ப வந்த அண்ணன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "நல்லவேளை, நாலா உடைக்கல," என்றார். மனைவியின் வீட்டுக் கதவை இவர் தட்டிய நாள்வரை கணக்கு இது: சிறையில் மூன்று மாதம், விண்ணப்பத்தில் ஒரு வருடம், ஒரு மாதம், ஒன்பது நாள்.