முத்திரை சாருக்கு ஒரு கிலோ சர்க்கரை

கடைக்காரர் தராசைப் பார்ப்பார், நான் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். எடையளவு ஆய்வாளர் உத்தியோகம் என்பது அவ்வளவுதான். திருவண்ணாமலையில் என்னை 'முத்திரை சார்' என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடைக்கற்களைச் சரிபார்த்து, அடியில் இருக்கும் ஈயத்தில் முத்திரை குத்த வேண்டும். நடுநடுவே சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கவும் வேண்டும். எண்பத்தொன்பதில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒரே பயம். என்மேல் ஒரு புகார் போனால் போதும், தூக்கித் தெற்கே எங்கேயாவது போட்டுவிடுவார்கள். என் மனைவிக்கு இதே ஊரில் டீச்சர் வேலை. ஆளுக்கொரு ஊரில் அடுப்பு மூட்டிய அரசு ஊழியர்களே, அந்தப் பயத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா என்ன?

பழக்க தோஷம்

கோயில் பக்கம் ஒரு மளிகைக்கடை. தராசு சுத்தம், கல் சுத்தம். முத்திரை குத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், சைக்கிளில் மாட்டியிருந்த பைக்குள் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம். 'முத்திரை சார் வாங்குறாரு' என்று யாராவது வாய் திறந்தால் என் கதை முடிந்தது. ராத்திரி பூரா சரியாகத் தூங்கவில்லை.

காலையில் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில், தொழில் புத்தி யாரை விட்டது, அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்தேன். தொள்ளாயிரத்து நாற்பது கிராம். நான் பார்த்த தராசில் நிறுத்திருந்தால் இப்படிக் குறையாதே! நேராகக் கடைக்குள் போனேன். மூட்டைகளுக்குப் பின்னால் இன்னொரு தராசு தொங்கிக்கொண்டிருந்தது, சரக்குத் தட்டுக்கு அடியில் புளி அப்பியபடி. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பழக்க தோஷம் சார். உங்களுக்குன்னு கட்டும்போதும் கை அந்தத் தராசுக்கேதான் போச்சு."

பெட்டி தூக்கியவர்

எங்கள் அலுவலக உதவியாளர் ஆறுமுகம் ஆறடி உயரம், முறுக்கு மீசை, வெள்ளை வேட்டி. நானோ ஒல்லிப்பிச்சான். அவருக்கு முதுகுவலி என்பதால் சோதனைக் கற்கள் இருக்கும் பெட்டியை நான்தான் தூக்குவேன். இது மேலிடத்துக்குத் தெரியாது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரி ஒருவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். விவசாயிகளிடம் கொள்முதல் செய்ய அவர் வைத்திருந்த கல் ஒவ்வொன்றும் ஜாஸ்தி எடை. எங்களைக் கண்டதும் ஆறுமுகத்தை நாற்காலியில் உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு கவரை நீட்டினார். பெட்டியோடு நின்ற எனக்கு ஒரு டீ வாங்கித் தரலாமா என்றும் அவரிடம் கேட்டாராம். ஆறுமுகம் இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, கவரைத் தள்ளினார்: "இத்த நீயே வச்சுக்கோ நைனா. கேஸ் எழுதறவரு, அதோ பொட்டிய தூக்கினு நிக்கிறாரே, அவருதான்."

அடி அண்ணாமலைக் கல்

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் பெருக ஆரம்பித்த வருஷங்கள். அடி அண்ணாமலையில் ஒரு சாயங்காலம், வேகவைத்த மல்லாட்டை விற்கும் அம்மா ஒருவரிடம் நின்றேன். அரைக் கிலோவுக்கு இரும்புக் கல் இல்லை, ஒரு கருங்கல் துண்டு. என்னைப் பார்த்ததும் அந்தம்மா அதை முந்தானையில் மறைத்து, இரண்டு கை நிறைய மல்லாட்டையை அள்ளி என் சட்டைப் பையில் திணித்தார். "கண்டுக்காதீங்க சார், பொழப்பு போயிடும்" என்று கெஞ்சினார்.

கல்லை வாங்கி நிறுத்துப் பார்த்தேன். ஐந்நூற்று அறுபது கிராம். இவர்தான் நஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. விஷயத்தைச் சொல்லி, அலுவலகத்துக்கு வந்தால் கல் வாங்க வழி சொல்கிறேன் என்றேன். அந்தம்மா கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்போ இத்தினி வருஷமா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நான்தான் லஞ்சம் குடுத்துனு இருந்தேனா சார்?"

ஆரணிப் பட்டு

இரண்டாயிரத்துக்குப் பிறகு எலக்ட்ரானிக் தராசுகள் வந்து, இரும்புக் கற்கள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஈயத்தில் சுத்தியல் விழும் அந்தச் சத்தத்தை இன்றைக்கும் மனசு தேடுகிறது. அந்தச் சமயத்தில்தான், புகார் எதுவும் இல்லாமலே எனக்கு மாற்றல் வரப்போவதாகச் செய்தி வந்தது. தெற்குக் கோடியில் ஓர் ஊர். மகள் பத்தாம் வகுப்பு. மனைவி வேலையை விட முடியாது. "மெட்ராஸ் ஆபீசுக்கு வெறுங்கையோட போகாத" என்றார்கள் நண்பர்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆரணிப் பட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மாற்றல் பிரிவைக் கவனித்த கண்ணாடி போட்ட அம்மாவின் எதிரே ஒரு மணி நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எப்படிக் கொடுப்பது என்றே தெரியவில்லை. கடைசியில் மேஜைக் காலோரம் மெல்ல நகர்த்தினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "இத்தனை வருஷத்துல உங்க பேர்ல ஒரு புகார்கூட இல்லன்னு எழுதித்தான் நேத்து உங்க மாற்றலை நிறுத்த வச்சேன். தயவுசெஞ்சு பையை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, நான் எழுதினதைப் பொய்யாக்கிடாதீங்க."

வாங்கத் தெரியாதவன் என்று ஊர் கொடுத்த பேரோடு, கொடுக்கவும் தெரியாதவன் என்ற பேரையும் நானே சம்பாதித்துக்கொண்டுதான் இதே ஊரில் ஓய்வு பெற்றேன்.