தொட்டியை ஒட்டி நின்றவர்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் அவரைச் சந்தித்தேன். கண்ணாடி இழையும் ரெசின் என்னும் பிசினும் சேர்த்துத் தொட்டி செய்பவர். இழை குத்திய முழங்கையைச் சொறிந்துகொண்டேதான் பேசுவார்.

பச்சைத் தண்ணீருக்குக் கல்லாக நிற்கும் அந்தத் தொட்டிச் சுவர், சுடுநீருக்கு இளகும். வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் வெந்துபோவார். தொழிற்சாலை ஆய்வாளராகச் சோதிக்கப் போன நான், விதிப்படி எல்லோரையும் விலக்கிவிட்டுச் சுடுநீரை நிரப்பச் சொன்னேன். அவர் மட்டும் தொட்டியை ஒட்டியே நின்றார். நானும் நின்றேன்.

சுவர் புடைத்தது, முனகியது, பிறகு அடங்கியது. ஒரு சொட்டும் கசியவில்லை. போன உயிர் திரும்பி வந்தது.

“உங்க தொட்டி மேல அவ்வளவு நம்பிக்கையா?” என்றேன்.

“நம்பிக்கையெல்லாம் எங்கீங்க! இத்தனை சட்டம் தெரிஞ்ச நீங்களே ஓடலீங்களே, அந்தத் தைரியந்தானுங்க.”

“நீங்க நிக்கறீங்களேன்னுதாங்க நான் ஓடல.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு இருவரும் ஒன்றாகவே பத்தடி பின்னால் போனோம்.