மூன்று சுற்று மஞ்சள் டேப்

மகள் மோனிகாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு விக்டோரியா திரும்பியபோது, பரசுராமனின் குட்டி வண்டி வாசலில் வந்து நின்றது. பொன்னேரிப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் அவர். போன மாதம் அவள் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்த ஆம்ப்ளிபயரை இடுப்பில் குழந்தையைப்போல் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

“தப்பா நெனைக்காதமா. மைக்க வாயாண்ட வச்சா ஒதட்டுல சுருக்குனு இழுக்குது. நேத்து டெஸ்ட் பண்ண சொல்ல என் மீசையே எந்திரிச்சி நின்னுச்சு.”

விக்டோரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னிக்கி நாலு மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம். அதுக்குள்ள எதுனா பண்ணிக் குடு. ரொம்ப பேஜாரா கீது.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், சார்ஜர் செய்கிற கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் காயில் சுற்றியவள் விக்டோரியா. படிப்பு பத்தாவதோடு நின்றது. கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது, கூட இருந்த பெண்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். அவள் மட்டும், அண்ணன் யேசுதாஸ் வாங்கித் தந்த, கையால் காயில் சுற்றும் மிஷினை முன்னறையில் பொருத்திக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினாள். செத்துப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளைக் காயலான் கடையில் வாங்கிவருவாள். அவற்றின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக் கொதிக்கிற நீரில் போட்டால் கால் மணி நேரத்தில் பசை இளகும். பிறகு துணியால் பிடித்து, கருப்புப் பெரைட் துண்டுகள் இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். பீங்கான் மாதிரிப் பொருள் அது. அவசரப்பட்டால் உடைந்துவிடும். அவள் கையில் உடைந்தது குறைவு. பழைய கம்பியை எறிந்துவிட்டு, ஆம்ப்ளிபயருக்கு வேண்டிய கணக்கில் புதுக் கம்பியைச் சுற்றுவாள். எட்டு கிலோ இரும்பு டிரான்ஸ்பார்மர் செய்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் இது செய்யும். பரசுராமனின் முதுகுவலி பாதி குறைந்ததே அதனால்தான்.

அவள் சுற்றிக் கொடுத்ததில் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இப்போது வந்திருக்கிறது. அதுவும் ஷாக் அடிக்கிறது என்று. அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு பக்கம் வீட்டு லைனிலிருந்து வருகிற மின்சாரம். மறுபக்கம் ஆம்ப்ளிபயர், அதிலிருந்து மைக், மைக்கைப் பிடிக்கிற கை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தடுப்பாக மூன்று சுற்று மஞ்சள் டேப். அது இல்லாவிட்டால் இன்றைக்குச் சுருக்கென்று இழுப்பது நாளைக்கு ஆளையே கொன்றுவிடும்.

இந்தக் காயிலைச் சுற்றிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. லைன் பக்கத்துக் கம்பி மொத்தம் நாற்பது சுற்று. பாதியை அடியில் சுற்ற வேண்டும், மேலே டேப், அதன்மேல் ஆம்ப்ளிபயர் பக்கத்துக் கம்பி, மறுபடி டேப், கடைசியில் மீதிப் பாதி. அடியில் இருபது சுற்றை முடித்த நேரத்தில் பள்ளியிலிருந்து போன் வந்தது. மோனிகா சறுக்குமரத்திலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாளாம். விக்டோரியா போட்டது போட்டபடி ஓடினாள். திரும்பி வந்து மிச்சத்தைச் சுற்றியபோது மணி மூன்று. அடியில் சுற்றிய இருபதின்மேல் டேப் போட்டோமா? அந்த இடம் மட்டும் நினைவில் இல்லை.

“அண்ணா, இத்த பிரிக்கப்போறன்,” என்றாள் பரசுராமனிடம்.

“பிரிச்சிட்டா நாலு மணிக்கு நான் தொண்டையாலயா கத்துவன்? மைக்குல துணி சுத்திக் குடுத்துடறன், உடு.”

“துணிய சுத்தி யார் கையில குடுப்பீங்க? பொண்ணோட தாத்தா கையிலயா?”

“நீ இன்னாத்துக்கு இப்டி பயப்படற?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சுத்தும்போது நடுவுல எந்திரிச்சிப் போயிட்டண்ணா. உள்ள டேப்பு போட்டனா இல்லியான்னு எனக்கே தெரில.”

பரசுராமன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தரையில் குந்திக்கொண்டார்.

இரவு ஷிப்ட் முடித்து வந்து உள்ளே படுத்திருந்த யேசுதாஸ் எழுந்து வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

விக்டோரியா டிரான்ஸ்பார்மரைப் போர்டிலிருந்து சால்டர் ஈயத்தை உருக்கிக் கழற்றி, கொதிநீரில் போட்டு, பெரைட்டைப் பிரித்தாள். பிறகு காயிலை மிஷினில் மாட்டி எதிர்ப்பக்கமாகச் சுழற்றினாள். மேலிருந்த இருபது சுற்றும் கழன்றன. அதன் கீழே மஞ்சள் டேப் மூன்று சுற்று சரியாக இருந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். அடுத்து ஆம்ப்ளிபயர் பக்கத்துக் கம்பி, பல இழைகளை முறுக்கிய தடித்த கம்பி. கடைசிச் சுற்றான ஒன்பதாவதை மெதுவாகத் தூக்கினாள்.

கீழே மஞ்சள் தெரிந்தது.

ஆனால் ஒரு சுற்றா, மூன்றா? நகத்தால் நுனியைத் தேடிப் பிடித்து உரித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் ஓரம் முதல் ஓரம்வரை சுருக்கமில்லாமல் படிந்திருந்தன. குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று மனம் தவித்துக் கிடந்த நேரத்திலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“கீதுல்ல?” என்றார் பரசுராமன் மெதுவாக.

“கீது.”

“அப்ப இன்னாத்துக்கு இழுக்குது?”

அதற்குப் பிறகுதான் அவளால் யோசிக்கவே முடிந்தது. கம்பெனியில் டெஸ்டிங் மேசையில் இருந்தவர்கள், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் ஒயர் இல்லாவிட்டால் நல்ல பவர் சப்ளைகூட லேசாகச் சுருக்கும் என்று சொல்வார்கள். ஆம்ப்ளிபயரின் ஒயரை இழுத்துப் பிளக்கைப் பார்த்தாள். மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் பின்னைக் காணோம். ரம்பத்தால் அறுத்த தடம் பளபளத்தது.

“யாருண்ணா இத்த அறுத்தது?”

பரசுராமன் மீசையைத் தடவினார். “எர்த் குடுத்தா மண்டபத்துல கொர்ருனு எரைச்சல் வர்துமா. எங்க லைன்ல அல்லாரும் அறுத்துடுவோம்.”

“நல்லா அறுத்தீங்க,” என்றார் யேசுதாஸ். “இவளுக்கு உசுரே போய் வந்துச்சு.”

“எரைச்சல் வந்தா மைக் ஒயர மாத்துங்க,” என்றாள் விக்டோரியா. “இத்த அறுக்காதீங்க. மண்டபத்துலயும் எர்த் கீதான்னு பாத்துட்டு சொருவுங்க.”

யேசுதாஸ் கடைக்குப் போய்ப் புதுப் பிளக் வாங்கிவந்து மாட்டினார். விக்டோரியா புதுக் கம்பி எடுத்து முதலிலிருந்து சுற்றினாள். இரண்டு மணிக்கு ஆம்ப்ளிபயர் தயாரானது. பரசுராமன் மைக்கை எடுக்கப் போனபோது அவள் தடுத்தாள். வாசலில் சிமெண்டுத் தரைமேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அதில் வெறுங்காலோடு நின்று, மைக்கை உதட்டில் வைத்தாள்.

“எதுனா பேசுமா,” என்றார் பரசுராமன்.

அவள் மைக்கை உதட்டோடு இன்னும் அழுத்தினாள்.

“இழுக்கல,” என்றாள். தெருக்கோடிவரை அவள் குரல் கேட்டது. “ஒண்ணுமே வரல.”