இடப்பக்கத்து எஞ்சின்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர். அம்மாவின் படிப்பு இடப்பெயர்வுகளில் துண்டு துண்டாகிப் பாதியில் நின்றுபோனது. அதனால் பாரிசின் புறநகரான ஸ்தேனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களெல்லாம், நான் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே, முதலில் என் கைக்குத்தான் வரும். நான் கதிரையில் உட்கார்ந்து வாசிப்பேன். பெரியவர்கள் நின்றுகொண்டு கேட்பார்கள். மருத்துவரிடம் போனாலும், தண்ணீர்க் குழாய் திருத்துபவர் வந்தாலும், அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் குனிந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு அம்மாவிடம் திருப்பிச் சொல்வேன். அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த வருடம்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. இலங்கையில் யுத்தம் முடியும்வரை வன்னியில் இருந்துவிட்டு, முகாமில் கிடந்து, பிறகு எப்படியோ வந்தவர். அகதி விண்ணப்பம் முதல்முறை தள்ளுபடியாகி, மேல்முறையீடு போட்டிருந்த நேரம் அது. வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. ஆனாலும் அப்பா சமையல்காரராக இருந்த கடையில், பின்பக்கம் நின்று சட்டி கழுவினார். கடை பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடகோடியில் இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்து மனிதர், லா சப்பலுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆனவர். எல்லோருக்கும் அவர் அண்ணை.

அண்ணையின் கடையில் மதியம் கொத்துரொட்டி சாப்பிட வரும் ஒரு பிரெஞ்சுக்காரர் படக் கம்பெனியில் வேலை செய்பவர். பாரிசுக்கு வெளியே, பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய விமானத் தளத்தில் அவர்கள் யுத்தப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடும் ஊர்ச்சனமாக நடிக்க நூறு பேர் வருகிறார்கள், மூன்று நாளைக்கு மதியச் சாப்பாடு தர முடியுமா என்று கேட்டார். அண்ணை ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையாட்டினார்.

இரண்டாம் நாள் புதன்கிழமை. அப்போது பிரான்சில் புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை.

"பிள்ளையையும் சாப்பாட்டு வானுக்குள்ளை ஏத்து," என்றார் அண்ணை அப்பாவிடம். "என்ரை பிரெஞ்சு மரக்கறிச் சந்தை வரைக்கும்தான் போகும். படக்காரர் எங்கடை கறிக்குள்ளை என்ன கிடக்கெண்டு கேட்டால் ஆர் சொல்லுறது?"

நான் பள்ளிக்கூடத்துக்குப் போடும் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்தத் தளத்தில் ஒரு விமானம் நின்றது. இரண்டு எஞ்சின், கறுப்பும் பச்சையுமாகப் பூச்சு, வயிற்றில் கண்ணாடிக் கூடு. என் கண்ணுக்கு அது ஒரு பெரிய விளையாட்டுச் சாமான். நாங்கள் கூடாரத்தின் கீழ் நீள மேசை போட்டுப் பருப்பையும் கோழிக்கறியையும் இறக்கிக்கொண்டிருந்தோம். விமானம் மேலே போயிருந்தது எனக்குத் தெரியாது. மாமாதான் திடீரென்று கையை அந்தரத்தில் நிறுத்தினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்பாவுக்கும் கேட்கவில்லை.

"சகடை," என்றார் மாமா.

அடுத்த கணம் என் நெற்றி புல்லில் இருந்தது. மாமா என்னை இழுத்துக் கூடாரத்துக்குப் பக்கத்தில் மழைநீர் ஓடும் கானுக்குள் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துவிட்டார். "வாயைத் திற! வாயைத் திறந்து வைச்சிரு!" என்று காதுக்குள் கத்தினார். என் வாய்க்குள் மண் போனது. பிறகுதான் அந்த உறுமல் வந்து, எங்களுக்கு மேலாக ஊர்ந்து, வயலுக்கு அப்பால் போனது. எழுந்து பார்த்தால் பருப்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. என் சட்டை முழுக்கச் சேறு.

நடிக்க வந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். தலையில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒரு பெண், இயக்குநரின் உதவியாளர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஆட்களைவிட நன்றாக விழுகிறாரே என்று சொன்னாள். அதை மட்டும் நான் மாமாவுக்குச் சொல்லவில்லை.

"என்ன மச்சான், பருப்புக்கு மேலையோ குண்டு போட்டவங்கள்?" என்று அப்பா கேட்டார். அண்ணையும் சிரித்தார். மாமாவும் கொஞ்சம் சிரித்துக்கொண்டு, கவிழ்ந்த பருப்பைக் கையால் அள்ளினார்.  எனக்கு அவர் மேல் கோபம். நூறு பிரெஞ்சுக்காரருக்கு முன்னால் எங்கள் மானம் போய்விட்டதாக நினைத்தேன்.

சகடை என்றால் என்ன என்று அப்பா பிறகு சொன்னார். மெதுவாகப் பறந்துவந்து குண்டைத் தள்ளிவிட்டுப் போகும் விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயராம். வேகமாக வருவதற்கு வேறு பெயர். வேவு பார்ப்பதற்கு வேறு பெயர். சத்தத்தை வைத்தே எது வருகிறது, இங்கே போடுமா, தாண்டிப் போகுமா என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லுமாம். குண்டுச் சத்தத்தில் காது வெடிக்காமல் இருக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருப்பார்களாம்.

மதியம் விமானி சாப்பிட வந்தார். எழுபது வயது இருக்கும். காலையில் நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு நேரே மாமாவிடம் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, உங்களைப் பயப்படுத்திவிட்டேன், மன்னியுங்கள் என்றார். நான் சொன்னேன்.  மாமா அவருடைய தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தார்.

"உண்மையாக் குண்டு போட்ட பிளேனோ எண்டு கேள்," என்றார்.

கேட்டேன். இல்லையாம். இது கட்டி முடிப்பதற்குள் இரண்டாம் உலக யுத்தம் முடிந்துவிட்டதாம். இதன் வாழ்க்கையில் படத்துக்குத்தான் குண்டு போட்டதாம், அதுவும் அட்டைக் குண்டு. இதோடு சேர்ந்த நான்கு விமானங்கள் ஒவ்வொரு படமாக அழிந்துபோயின. ஒன்றைக் காட்சிக்காகவே கொளுத்தினார்கள். ஒன்று மலையில் மோதியது. மற்ற இரண்டையும் இதற்கு உதிரிச் சாமான் கழற்றியே தின்றுவிட்டார்கள். மிச்சம் இது ஒன்றுதான் என்று விமானி சொன்னார், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதைப் போல.

மாமா எழுந்து போய் அந்த விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, "ஆருக்கும் ஒண்டும் செய்யாத பிளேன். நல்ல பிளேன் எண்டு சொல்லு," என்றார். சொன்னேன். விமானி மாமாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சாப்பாடு முடிந்து கடைசிக் காட்சி. நாங்கள் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். தூரத்தில் எஞ்சின்களைத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று, பிறகு மற்றது. மாமா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். ஊரில் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மோட்டர்கள் திருத்தியவர் அவர்.

"பிள்ளை, இஞ்சை வா. இடப்பக்கத்து எஞ்சின் விக்கி விக்கி ஓடுது. உனக்குக் கேக்குதோ?"

எனக்குக் கேட்கவில்லை. உறுமல்தான் கேட்டது.

"காலமை இப்பிடி இல்லை. ஓடிப்போய் அந்த ஐயாட்டைச் சொல்லு. பிளேனை மேலை ஏத்த வேண்டாமாம், ஒருக்கால் திறந்து பாக்கட்டாம் எண்டு சொல்லு. கெதியாப் போ!"

நான் ஓடினேன். விமானத்துக்குக் கிட்டப் போக விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அந்த ஹெட்போன் பெண் நின்றாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் காலைச் சிரிப்பு மறுபடி வந்தது. என்ன கண்ணே, உன் மாமா மறுபடியும் விழுந்துவிட்டாரா என்று கேட்டாள்.

எனக்குச் சொற்கள் எல்லாம் தெரியும். எஞ்சின், இடது, கேளுங்கள், திறந்து பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு போதும். ஆனால் சட்டி கழுவும் ஒருவர், காலையில் கானுக்குள் விழுந்த ஒருவர், விமானத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். அவள் இன்னும் சத்தமாகச் சிரிப்பாள். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"யாருக்காவது தேநீர் வேண்டுமா என்று மாமா கேட்கிறார்," என்றேன்.

வேண்டாம், நன்றி சொல்லு என்றாள்.

திரும்பி வந்தேன். "சொல்லிப்போட்டன் மாமா. அவைக்குத் தெரியுமாம். பழைய பிளேன் எண்டால் அப்பிடித்தானாம்."

மாமா என்னையே பார்த்தார். "தெரியுமாமோ? அப்பச் சரி," என்றார். சட்டியைக் கையில் எடுத்தார், ஆனால் கழுவவில்லை.

விமானம் ஏறியது. வயலில் நூறு பேர் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு மேலாகத் தாழப் பறந்து போய், தூரத்தில் திரும்பியது. திரும்பும்போது இடது சிறகு கீழே சரிந்தது. பிறகு நிமிரவேயில்லை. மர வரிசைக்குப் பின்னால் போனது. ஒரு சத்தம். கறுப்புப் புகை. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் ஊர்ச்சனம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்காகச் செய்தது என்று நினைத்துச் சிலர் விசிலடித்தார்கள்.

மாமா புகையை நோக்கி ஓடத் தொடங்கினார். அப்பா பாய்ந்து அவருடைய சட்டையைப் பிடித்தார். "விசரே உனக்கு? இனிப் பொலிஸ் வரும். உன்னட்டை விசா இல்லை. வானுக்குள்ளை ஏறு!"

"விடுங்கோ அத்தான்! அந்த ஐயா உள்ளுக்கை!"

அப்பா விடவில்லை. அண்ணையும் வந்து பிடித்தார். இருவரும் சேர்ந்துதான் அவரை நிறுத்த முடிந்தது.

பொலிஸ் வந்தது. அங்கிருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். வானுக்குள் இருந்த மாமாவையும் இறக்கினார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். பிறகு பொலிஸ்காரர் ஒரு தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: விமானம் ஏறுவதற்குச் சற்று முன்னால் இந்தச் சிறுமி கயிற்றடிக்கு வந்திருக்கிறாள். மாமா அனுப்பினார், தேநீர் வேண்டுமா என்று கேட்டாள் என்று அங்கே நின்ற பெண் சொல்கிறார். அது சரியா?

நான் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன். சொல்லு என்றார் பொலிஸ்காரர். அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் விடாமல், மாமாவிடம் சொன்னேன். அந்த நாளில் நான் செய்த சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். என் சட்டையில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "தேத்தண்ணிக்குத்தான் விட்டனான் எண்டு சொல்லு."

விமானத்தில் வித்தியாசமாக ஏதாவது கவனித்தாரா என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"இல்லை. பிளேனைப் பற்றி எனக்கு என்ன தெரியும். நான் சட்டி கழுவுறவன்."

அவ்வளவுதான். மாமாவின் அகதி விண்ணப்பத் தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று அவர்களுக்கு வேறு கவலை இருந்தது.

பிறகு கடை வானில் ஏறி லா சப்பலுக்குத் திரும்பினோம். அதைப் பற்றிய பேச்சு அடுத்த நாள் வீட்டில் வந்தது. பொலிசுக்கு முன்னால் மச்சான் பூனைக்குட்டி மாதிரி நின்றான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நானும் சேர்ந்து, 'நான் சட்டி கழுவுறவன்' என்று மாமாவின் குரலில் சொல்லிக் காட்டினேன். விசா இல்லாத பயத்தில்தான் அவர் அப்படிச் சொன்னார், என் நல்ல காலம் என்று நினைத்தேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

இரண்டு நாள் கழித்து விமானி மருத்துவமனையில் இறந்துவிட்டதாக அண்ணை கடையில் சொன்னார். இடது எஞ்சின் நின்றதுதான் காரணம் என்று பல மாதங்களுக்குப் பிறகு பேப்பரில் வந்தது. அதை வீட்டில் வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அப்பா கேட்டபோது வாசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

படமும் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் தனியாகப் போய்ப் பார்த்தேன். விமானம் தலைக்கு மேலாகப் போகும் காட்சி இருக்கிறது. சத்தத்தை வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு எஞ்சின்களும் நன்றாகவே ஓடுகின்றன.

அந்த விபத்துக்கு அடுத்த மாதம் மாமா மேல்முறையீட்டுக்காகச் சட்டத்தரணியிடம் போக வேண்டியிருந்தது. வன்னியில் நடந்தது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல்முறை போலச் சுருக்கமாகச் சொன்னால் இந்த முறையும் தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவன் தம்பி," என்றார் அம்மா. "அவளுக்கு எல்லாம் வடிவாச் சொல்லத் தெரியும்."

நான் அதற்குள் சப்பாத்தைப் போட்டுவிட்டேன்.

"வேண்டாம் அக்கா," என்றார் மாமா. "அவள் படிக்கட்டும்."

அண்ணையின் கடைக்குப் பக்கத்துத் தெருவான ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு கடையில் வேலை செய்த, எங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரைக் கெஞ்சிக் கேட்டு அழைத்துக்கொண்டு போனார். அந்த ஆளின் பிரெஞ்சு என்னுடையதில் பாதிகூட இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும், எந்தப் பேச்சையும் மாமா என்னிடம் கொண்டுவரவில்லை. நான் ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன். எனக்குத் தண்டனை தருகிறார் என்றுதான் நினைத்தேன். வன்னியில் நடந்தது என் மேல் விழாமல், அன்று கானுக்குள் கவிழ்ந்தது போல மறுபடியும் என்னை மறைத்தார் என்று அப்போது தெரியவில்லை.