நல்லாக் கேக்குதுங்க, ஓட்டுங்க

மல்டிமீடியா படிக்கிறேன் என்று கோயம்புத்தூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "அப்ப ஃபிளெக்ஸ் அடிச்சுக் குடுப்பியா தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். என் பெரியம்மா தாஜுன்னிசா ஒரு படி மேலே போய், தன் கல்யாண போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் கொழுந்தனாரை அழித்துத் தரச் சொன்னார். அழித்துக் கொடுத்தேன். மூன்று வருடப் பட்டப்படிப்பில் என் குடும்பத்துக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

சரி, என் பெருமையை விடுங்கள். இது என்னோடு படித்த மதிவதனியின் கதை.

முதல் நாள் வகுப்பில் எங்கள் துறைத் தலைவர் தனபால் சார் ஒவ்வொருவரையும் எழுப்பி, ஏன் இந்தப் படிப்பை எடுத்தாய் என்று கேட்டார். அத்தனை பேரும் கூசாமல் புளுகினார்கள். ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே அனிமேஷன்தான் உயிராம். சூலூரிலிருந்து போன நானும் கனவு, லட்சியம் என்று நாலு வார்த்தை அவிழ்த்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து மதிவதனி எழுந்தாள். "பி.காம் சீட்டுக் கெடைக்கலைங்க சார்" என்றாள். பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு சத்தம்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கருமத்தம்பட்டிக்கு அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அப்பா மயில்சாமி லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். அம்மா காளியாத்தாள் வீட்டுக்கு அடுத்தாற்போல் இருக்கும் தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டுகிறார். அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினால்தான் வீட்டில் பேச்சே நடக்கும். குடோனுக்குள் காலை வைத்தேன். நான் சொன்ன வணக்கம் எனக்கே கேட்கவில்லை. ஆனால் உள்ளே ஒருவரும் கத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம். கத்தி என்ன பிரயோஜனம்? எல்லாரும் வாயை மட்டும் அசைத்தார்கள், கொஞ்சம் கையும் ஆட்டினார்கள். இந்தக் கோடியில் ஒருவர் உதட்டை அசைத்தால் அந்தக் கோடியில் பதில் வந்தது. குடும்பச் சண்டை, மாப்பிள்ளை விசாரிப்பு, யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரம், எல்லாம் சத்தமே இல்லாமல் நடந்தது.

தூரத்தில் நின்ற தெய்வாத்தாள் என்ற அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ வாயசைத்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னார் என்று மதியிடம் கேட்டால் சொல்லவே இல்லை. பஸ் ஏற்றிவிடும்போதுதான் வாயைத் திறந்தாள். "நூல் சுத்துற குச்சிக்குச் சட்டை போட்டுவிட்டாப்ல இருக்கறயாமாடா."

கல்லூரியில் இந்த வித்தையை வைத்து அவள் எங்களுக்குச் செய்த சேவை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் ஒலிப்பதிவு அறைக்குப் பெரிய கண்ணாடி உண்டு. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆசிரியர்கள் ரகசியம் பேச அங்கேதான் போவார்கள். மதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தனபால் சாருக்கு ஒரு குரல், மற்றவருக்கு ஒரு குரல் வைத்து, அப்படியே டப்பிங் செய்வாள். திடீர்ப் பரீட்சை எல்லாம் எங்களுக்குத் திடீரென்று வந்ததே கிடையாது.

தனபால் சாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் வகுப்பிலேயே தான் செய்ததாக ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு டைனோசர் நடந்து போகும். நகத்திலிருந்து வால்வரை தானே உருவாக்கியதாகச் சொன்னார். இரண்டாம் வருடம் மதி இன்டர்நெட்டில் வேறு எதையோ தேடப்போய் அந்த டைனோசரைக் கண்டுபிடித்தாள். வாலில் அதே தழும்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. வகுப்பு முழுக்கத் தெரியும், ஆனால் இன்டர்னல் மார்க் அவர் கையில் என்பதால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். மதி மட்டும் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சொன்னால் குடோனில் சொன்ன மாதிரிதான்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். அவளுக்கு ஒரு கவலை இருந்தது. காளியாத்தாள் அம்மாவுக்குக் காது போய்விட்டது. வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்றால் போகாமல் என்ன செய்யும்? வெளியாருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். டாக்டரிடம் காட்டலாம் என்று மதி எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். காது மிஷின் மாட்டினால் செவிட்டு ஊட்டுப் பொண்ணு என்று சொல்லி யாரும் மகளைக் கட்ட மாட்டார்கள் என்பது அந்த அம்மாவின் பயம்.

"சண்டையாச்சும் போட்டா பரவால்லடா" என்றாள் மதி ஒருநாள். "டாக்டருன்னு நான் வாயத் தொறந்தாப் போதும், மூஞ்சிய அக்கட்ட திருப்பிக்கும். திருப்பிக்கிட்டா அவ்வளவுதான். எனக்குப் பேச்சே கெடையாது. அதுக்கப்பறம் யாருகிட்டப் பேசறது, செவுத்துகிட்டயா?"

சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஆளுக்கு ஒரு குறும்படம் செய்ய வேண்டும். மதி எடுத்துக்கொண்ட கதை இது. டவுன் பஸ்ஸில் ஒரு அம்மாள் ஒயர் கூடையில் சேவலோடு ஏறுகிறார். பெண்களுக்கு இலவசம் சரி, சேவல் ஆம்பளை, அதுக்கு டிக்கெட் எடு என்கிறார் கண்டக்டர். அவ்வளவுதான் கதை. பஸ்ஸை நான் செய்து கொடுத்தேன். தனபால் சார் கதையைக் கேட்டுவிட்டு, "மெசேஜ் எங்க? பிளாஸ்டிக் ஒழிப்பு ஏதாச்சும் வை" என்றார். மதி ஒயர் கூடையைத் துணிப்பையாக மாற்றுவதாகச் சொல்லிவிட்டு மாற்றவில்லை.

ஆனால் அவள் செமஸ்டர் முழுக்கச் செய்தது வாய்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு எப்படிக் குவியும், நாக்கு எங்கே தெரியும் என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஃப்ரேமாகச் செய்தாள். தனபால் சார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "வாயைத் தொறந்து மூடினாப் போதும்மா. பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு லூப் போட்டு விட்டுரு, அதுவே திரும்பத் திரும்ப ஓடும். அவங்க வாயை எவன் பாக்கப்போறான்?"

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை மட்டும் மதி வேதமாக எடுத்துக்கொண்டாள். பஸ்ஸின் பின் சீட்டுக்காரர்களுக்கும் பேச்சு வைத்தாள். குரல் கிடையாது, இன்ஜின் சத்தம் மட்டும்தான். பேச்சு முழுக்கத் தனபால் சாரின் டைனோசரைப் பற்றியது. "ஃபெயிலாக்கிப்போடுவாருடி" என்றேன்.

"எவன் பாக்கப்போறான்னு அவருதான சொன்னாரு."

கடைசி ஷாட்டைப் பற்றியும் எனக்குச் சொன்னாள். ஜன்னலோரம் ஒரு பெண் காமிராவைப் பார்த்துத் திரும்பி நாலு வார்த்தை சொல்வாள், அதற்கும் சத்தம் கிடையாது. அது அவள் அம்மாவுக்கு. "மூஞ்சியத் திருப்பிக்காம ஒருக்கா கேக்கோணும். மக படம்னா பாக்குமல்ல? அதுக்குத்தான்டா இத்தனை வாயும்" என்றாள். இப்படி ஒரு காரணத்துக்காகப் பட்டம் வாங்குகிறவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

வெளியிலிருந்து கீதா என்ற மேடம் பரீட்சகராக வந்த அன்று, பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா மட்டும் வருவார் என்று மதி கணக்குப் போட்டிருந்தாள். கருமத்தம்பட்டியில் அன்றைக்கு மாதாந்திர மின்தடை என்பதை மறந்துவிட்டாள். கரண்ட் இல்லாவிட்டால் தறிக்கு லீவு. குடோனே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸேறி வந்து இறங்கியது. வாசலில் தெய்வாத்தாளைப் பார்த்ததும் மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், இவீங்க பின் சீட்டையும் படிப்பாங்கடா" என்றாள். படத்தில் கை வைக்க நேரமில்லை. அவளுடைய முறை வந்துவிட்டது.

படம் ஆரம்பித்தது. ஸ்பீக்கர் ஒரு கொர் சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போனது. எங்கள் கல்லூரி ஸ்பீக்கருக்கு அதுதான் வழக்கம். நான் வயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன், மசியவில்லை. திரையில் கண்டக்டர் ஊமையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சவுண்ட் இல்லாம என்னத்தைப் பாக்கறது? நிறுத்துங்க" என்றார் தனபால் சார். "மேடம் சாயங்காலம் கிளம்பணும். இதை அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்."

அடுத்த செமஸ்டரில் மின்தடை வருமோ, வராதோ. லீவு போட்டுவிட்டு வருகிற ஆளில்லை காளியாத்தாள் அம்மா. மதி மேடையில் அசையாமல் நின்றாள். அப்போது பின்வரிசையிலிருந்து தெய்வாத்தாள் எழுந்தார்.

"ஏனுங்க சார், நிறுத்தீராதீங்க. நல்லாக் கேக்குதுங்க, ஓட்டுங்க."

கீதா மேடம் திரும்பிப் பார்த்தார். "ஓடட்டும்" என்றார்.

சேவலுக்கு டிக்கெட் கேட்ட இடத்தில் பின்வரிசை மொத்தமும் சிரித்தது. சேவல்காரி, "முட்டை போட்டா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்ட இடத்தில் இன்னும் பலமாகச் சிரித்தது. எங்களுக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. கீதா மேடம் திரையை விட்டுவிட்டு அந்தப் பெண்களைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு பஸ் முழுவதும் தெரிகிற ஷாட் வந்தது. காளியாத்தாள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தெய்வாத்தாள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

தனபால் சார் படத்தை நிறுத்தினார். நேராகக் காளியாத்தாள் அம்மாவிடம் போனார். "இந்த ஷாட்ல டயலாக்கே இல்லையே. எதுக்கும்மா சிரிக்கறீங்க?"

மேடையிலிருந்து மதி வாயை அசைத்தாள். எனக்கு வாய் படிக்கத் தெரியாது, ஆனால் 'சொல்லாதம்மா' என்பது எனக்கே புரிந்தது. அந்த அம்மாவுக்கும் புரிந்திருக்கும். ஆனால் ஒரு வாத்தியார் பக்கத்தில் வந்து மரியாதையாகக் கேட்கும்போது எப்படிச் சொல்லாமல் இருப்பது? எழுந்து நின்று, குடோன்காரர்களுக்கே உரிய சத்தத்தில் சொன்னார்.

"உங்களப் பத்தித்தானுங்க சார் பேசிக்கறாங்க. எங்க தனபால் சாரு டைனோசரு நெட்டுல சும்மா கெடந்துதுங்கறாரு ஒருத்தரு. அப்ப சாரு என்னதானுங்க செஞ்சாருன்னு கேக்குது அந்தம்மா. கீழ பேரு எழுதுனாருங்க அப்படீங்கறாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார்."

சாரின் காது சிவந்துபோனது. "மேடம், இது ஒழுங்கீனம். இவளை ஃபெயில் பண்ணியே ஆகணும்" என்றார்.

கீதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில என்கிட்ட என்ன சொன்னீங்க? உதட்டை யாரும் படிக்க முடியாது, இந்தப் பொண்ணு செமஸ்டரையே வீணாக்கிட்டான்னு சொன்னீங்க. படிக்க முடியாதுன்னா உங்களை யாரும் எதுவும் சொல்லலை. சொல்லியிருக்குன்னா உதட்டைப் படிக்க முடியுது, அப்ப இன்னைக்கு நான் பார்த்ததுலயே நல்ல அனிமேஷன் இதுதான். எதுன்னு வச்சுக்கலாம் சார்?"

தனபால் சார் நின்று யோசித்தார். "அவங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டைனோசரைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

படம் தொடர்ந்தது. கடைசி ஷாட் வந்தது. ஜன்னலோரப் பெண் திரும்பினாள். என்ன சொல்கிறாள் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். "அம்மா, நான் பேசறத நீ பாக்கறே. ஒருக்கா கேக்கோணும்மா. டாக்டர்கிட்ட வா."

சிரித்துக்கொண்டிருந்த பின்வரிசை சட்டென்று அடங்கியது. காளியாத்தாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரையே வெறித்துப் பார்த்தார். திரை இருண்டது. மதியின் தோள் தொங்கிப்போனது. இத்தனை வாய்களும் வீணாகிவிட்டன என்று நினைத்தேன்.

மதி கம்ப்யூட்டரிடம் போனாள். தனபால் சார் எது போதும் என்றாரோ, அதைச் செய்தாள். கடைசி ஷாட்டுக்கு மட்டும் லூப் போட்டாள். பெண் திரும்பினாள், சொன்னாள். மறுபடி திரும்பினாள், மறுபடி சொன்னாள். கீதா மேடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தெய்வாத்தாள் தன் தோழியைத் தொடக்கூட இல்லை. பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காளியாத்தாள் அம்மா எவ்வளவு நேரம்தான் சிலிண்டரைப் பார்ப்பார்? மெல்லத் திரும்பினார். அந்தப் பெண் சொல்வதை முழுக்கப் பார்த்தார், இன்னொரு தடவையும் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

"சரி கண்ணு, திங்கக்கெழம போலாம்" என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "அந்தப் புள்ளைய வாய மூடச் சொல்லு, பாவம், எத்தன தடவ சொல்லும்."