சண்முகவடிவு சொன்ன சாட்சி

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் சண்முகவடிவு. தொழிற்சங்கத் தகராறில் கணவன் சிவசாமிக்கு வேலை போனதும், இருவரும் பொலன்னறுவைப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள்.

1958 மே மாதம் சிங்களக் கலவரக் கும்பல் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்தது. தமிழர்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். கரும்புக்குள் ஒளிந்தவர்கள் வெளியே வரட்டும் என்று நெருப்பு வைத்தார்கள். சண்முகவடிவு வாய்க்கால் மதகின் கீழே கழுத்தளவு தண்ணீரில் கிடந்தாள். சிவசாமி அவளைக் கூப்பிட்ட குரல் கேட்டது. அவள் பதில் கொடுக்கவில்லை. பிறகு குரல் நின்றுவிட்டது.

அகதி முகாமிலிருந்து திரும்பியவளைத் தங்கை பூரணி தன் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் சேர்த்துக்கொண்டாள். வேலைப் பதிவேட்டில் பெயர் வெட்டுப்பட்ட ஆளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. சண்முகவடிவு ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள்.

"நடந்ததப் பேசாதக்கா. இங்கயும் வந்துருவாங்க," என்றாள் பூரணி.

பேசவில்லை, எழுதினாள். ஐந்தாம் வகுப்புத் தமிழ்தான். செத்தவன் யார், எந்தத் தோட்டத்து ஆள், எப்படிச் சிரிப்பான், எங்கே விழுந்தான் என்று ஒவ்வொருவராக எழுதினாள்.

அட்டனில் வாரப் பத்திரிகை நடத்திய யாழ்ப்பாணத்துக்காரர் துரைராசா அவள் கொண்டுவந்து கொடுத்ததை இரண்டு முறை படித்தார்.

"போடுறன் பிள்ளை. ஆனா பேர் ஒண்டும் வேண்டாம். பிறகு கரைச்சல்."

"பேர எடுத்துட்டா செத்தது யாருங்கய்யா?"

பெயர்களோடுதான் வந்தது. அதன்பிறகு தப்பி வந்தவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களுக்காக விசாரணையும் நட்டஈடும் கேட்டுக் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் படியேறினாள்.

"நீ இந்த நாட்டுப் பிரஜையா?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பத்து வருடங்களுக்கு முன்பே சட்டம் போட்டு இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள்.

"வெட்ட வந்தவர்கள் அதைக் கேட்கவில்லையே மாத்தயா," என்றாள், தெரிந்த சிங்களத்தில்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்தாள், கூட்டங்களில் பேசினாள். வெட்டியவர்களில் ஒருவனையும் பொலிஸ் பிடிக்கவில்லை. துரைராசா பத்திரிகையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

1964இல் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு மலையகத்துச் சனத்தைப் பங்கு பிரித்தன. பூரணியும் அவள் கணவன் வீரய்யாவும் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுக்க முடிவு செய்தார்கள்.

"நீயும் வாக்கா."

"அங்க போயி யாருகிட்டடி செத்தவங்களப் பத்திச் சொல்றது?"

"இங்க மட்டும் யாரு கேட்டாங்க?"



அடுத்த மாதம் லிந்துலையில் ஒரு தோட்டத்துக் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். போனாள். வந்திருந்தவர்கள் இந்தியாவுக்கு எந்தக் கப்பல், அங்கே எந்த ஊர், பாத்திரம் பண்டம் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். கரும்புத் தோட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.