வெளிக்காட்டு வேலைக்குப் போகும் ஆராய்ச்சியாளர்

இன்று குனோங் ராபாட்டில் ரொட்டி சானாய் வாங்க அம்மாவோடு போயிருந்தேன்.

"செமஸ்டர் லீவுல என்னா செய்றீங்க தம்பி?" என்றார் கடைக்காரர் பாய்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

"ஆராய்ச்சி, பாய். மாஸ்டர்ஸ் போலாமான்னு யோசிக்கிறவங்களுக்குப் பேராசிரியர் கொடுக்குற வாய்ப்பு. எல்லாருக்கும் கிடைக்காது." பக்கத்து மேசைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"லேப்லயா?"

"இல்ல பாய், ஃபீல்டு வொர்க். சிம்பாங் பூலாய் பக்கம் பழைய ரப்பர் தோட்டம். புல்லு வெட்டணும், மண்ணு தோண்டணும், மூட்டை தூக்கணும்."

அம்மா சின்ன வயதில் அதே தோட்டத்தில் புல் வெட்டியவர். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"வெளிக்காட்டு வேலைன்னு சொல்லு லா. அதுலேருந்து தப்பிக்கத்தானே உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?"

பாய் ரொட்டியைத் திருப்பிப் போட மறந்து சிரித்தார். பக்கத்து மேசையும் சிரித்தது. அவர்களுக்கு எல்லாம் தெளிவாகவே கேட்டிருக்கிறது.

ரொட்டிப் பொட்டலத்தோடு காரில் ஏறினோம். அம்மா கேட்டார்: "நாளைக்கு மேஸ்திரி மாதிரி நின்னு வேலை வாங்குற தண்டல் யாரு?"

பேராசிரியர்தான்.

காலையில் வாய் தவறி அவரைத் 'தண்டலே' என்று கூப்பிட்டுவிடாமல் இருக்க யாராவது வழி சொல்லுங்கள். சிபாரிசுக் கடிதம் அவர்தான் தர வேண்டும்.